மூன்று மெஷின் இருந்தும் கூட்டமெல்லாம் ஒரே மெஷினுக்கு: குபெர்னெட்டிஸ் கிளஸ்டரில் டிராஃபிக்கை எப்படிப் பிரிப்பது?

பாயான்_லெப்பாஸ்_பையன் · பினாங்கு

வணக்கம். பினாங்கில் ஒரு சின்ன நிறுவனத்தில் சிஸ்டம் வேலை பார்க்கிறேன். சேலை, பூஜைப் பொருள், தீபாவளிப் பலகாரம் என்று இணையத்தில் விற்கிறோம். முன்பு ஒரே சர்வர். இந்த வருடம் முதலாளி மூன்று மெஷின் வாங்கிக் கொடுத்ததும் குபெர்னெட்டிஸ் கிளஸ்டர் (பல மெஷின்களைச் சேர்த்து ஒன்றாக ஓட்டும் அமைப்பு) போட்டு எல்லாவற்றையும் அதற்கு மாற்றிவிட்டோம். கிளவுட் கிடையாது, மெஷின்கள் அலுவலக சர்வர் அறையிலேயே இருக்கின்றன. வெளி ஐபி கொடுக்க மெட்டல்எல்பி, லேயர் 2 முறையில். அதற்குப் பின்னால் கோரிக்கைகளைப் பிரித்து அனுப்ப இன்கிரெஸ்-என்ஜின்எக்ஸ், அதற்கும் பின்னால் நோட்.ஜேஎஸ் பாட்கள் (ஆப் ஓடும் சிறு அலகுகள்).

ஓடுகிறது, ஆனால் நிம்மதி இல்லை. கிராஃபைப் பார்த்தால் வெளியிலிருந்து வரும் டிராஃபிக் முழுவதும் முதல் மெஷினில் மட்டும் இறங்குகிறது. மற்ற இரண்டின் நெட்வொர்க் கோடு தரையில் கிடக்கிறது. "மூணு வாங்கிக் கொடுத்தேன், ஒண்ணுதானே உழைக்குது" என்று முதலாளி கேட்கிறார். இன்னொன்று, லாகில் வாடிக்கையாளர் ஐபி வருவதே இல்லை, எல்லாம் 10.-இல் தொடங்கும் உள் ஐபி. இதனால் ஒரு ஐபிக்கு இவ்வளவு என்று வரம்பு போட முடியவில்லை. அப்புறம் பணம் கட்டும் பக்கத்தில் அவ்வப்போது 502 பிழை (பின்னால் இருக்கும் சர்வரிடமிருந்து சரியான பதில் வரவில்லை). நாளுக்குச் சிலதுதான், ஆனால் அந்த இடத்தில் வருவதுதான் வயிற்றைக் கலக்குகிறது.

இதற்கு நடுவில் இன்கிரெஸ்-என்ஜின்எக்ஸையே நிறுத்திவிட்டார்கள் என்கிறார்கள். தீபாவளிக்கு முன் இதையெல்லாம் சரிசெய்ய வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

---

பிரிக்பீல்ட்ஸ்_அக்கா · கோலாலம்பூர்

தம்பி, முதல் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். அது பிரச்சனையே இல்லை.

மெட்டல்எல்பி லேயர் 2 முறையில் ஒரு வெளி ஐபிக்கு ஒரு சமயத்தில் ஒரே மெஷின்தான் பொறுப்பு. இந்த ஐபி யாரிடம் என்று ரூட்டர் ஏஆர்பியில் கேட்டால், பொறுப்பில் இருக்கும் மெஷின் மட்டும் தன் மேக் முகவரியை (நெட்வொர்க் கார்டின் அடையாளம்)ச் சொல்லும். மற்ற இரண்டும் வாயைத் திறக்காது. அந்த மெஷின் விழுந்தால் இன்னொன்று பொறுப்பேற்கும், அவ்வளவுதான் அதன் வேலை. ஆவணத்திலேயே இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். பெயரில் 'லோட் பேலன்சர்' (எல்பி, சுமையைப் பிரிப்பது) இருப்பதால் எல்லாரும் வேறு ஒன்றை எதிர்பார்க்கிறார்கள்.

பங்கீடு அதற்கு அடுத்த படியில் நடக்கிறது. அந்த மெஷினில் இறங்கிய இணைப்பைக் குபெர்னெட்டிஸின் கியூப்-பிராக்ஸி எடுத்து, சர்வீஸுக்கு (பல பாட்களுக்கு ஒரே முகவரி) பின்னால் இருக்கும் பாட்களில் ஒன்றுக்குத் தள்ளும். அது லினக்ஸில் எழுதிவைக்கும் ஐபிடேபிள்ஸ் விதிகளைத் திறந்து பார், வேடிக்கையாக இருக்கும். மூன்று பாட் இருந்தால் முதல் விதியில் 0.333 வாய்ப்பு, இரண்டாவதில் 0.5, மூன்றாவதில் மிச்சம் எல்லாம். பகடை உருட்டுகிறது. எந்தப் பாட் திணறுகிறது, எது சும்மா இருக்கிறது என்ற எந்த அறிவும் அதற்குக் கிடையாது. பகடையும் இணைப்புக்கு ஒருமுறைதான் உருளும், கோரிக்கைக்கு ஒருமுறை அல்ல. இதை மனதில் வைத்துக்கொள், பின்னால் வரும்.

முதலாளியிடம் கேள்: அலுவலக இன்டர்நெட் லைன் எவ்வளவு?

---

பாயான்_லெப்பாஸ்_பையன் · பினாங்கு

500 எம்பிபிஎஸ் அக்கா. மெஷின்களில் 1 ஜிகாபிட் கார்டு. இன்கிரெஸ் பாட் இரண்டு, ஆப் பாட் ஆறு. எக்ஸ்டர்னல் டிராஃபிக் பாலிசி (வெளி டிராஃபிக்கை எந்த மெஷினின் பாட்டுக்குக் கொடுப்பது என்ற அமைப்பு) எதையும் தொடவில்லை, அதனால் 'கிளஸ்டர்' ஆகத்தான் இருக்க வேண்டும்.

---

பிரிக்பீல்ட்ஸ்_அக்கா · கோலாலம்பூர்

பார்த்தாயா. ஒரு கார்டு 1 ஜிகாபிட், உள்ளே வரும் லைனே அதில் பாதி. முழு லைனும் நிரம்பினாலும் அந்த ஒரு மெஷினின் கார்டு திணறாது. முதலாளிக்கு நெட்வொர்க் கிராஃபைக் காட்டாதே, மூன்று மெஷினின் சிபியு கிராஃபைக் காட்டு. ஆப் பாட்கள் மூன்றிலும் பரவியிருந்தால் உழைப்பும் பரவித்தான் இருக்கும்.

உண்மையிலேயே நுழைவாயிலையும் பிரிக்க வேண்டுமென்றால் மெட்டல்எல்பியை பிஜிபி (ரூட்டர்கள் பாதைகளைப் பகிர்ந்துகொள்ளும் நெறிமுறை) முறைக்கு மாற்றலாம். அதற்கு பிஜிபி பேசும் ரூட்டர் வேண்டும், ஒரே சேருமிடத்துக்குப் பல பாதை வைத்துக்கொள்ளும் வசதியும் வேண்டும். லைனோடு வரும் ரூட்டரில் அது இருக்காது. இன்னொரு பக்கம், ஒரு மெஷின் விழுந்தால் ரூட்டரின் கணக்கு மாறி, நன்றாக இருக்கும் மெஷின்களில் ஓடிக்கொண்டிருந்த இணைப்புகள்கூட அறுபடலாம். உன் அளவுக்கு அது தேவையில்லாத செலவு.

---

பங்சார்_பேக்எண்ட் · கோலாலம்பூர்

யாரும் கேட்காததை நான் கேட்கிறேன். சேலைக் கடைக்கு குபெர்னெட்டிஸ் எதற்கு லா? ஒரு மெஷினில் எச்ஏபிராக்ஸி என்ற லோட் பேலன்சர், பின்னால் இரண்டு மெஷினில் ஆப். காலையில் போட்டால் மத்தியானம் மாமாக் கடையில் உட்கார்ந்து தே தாரிக் குடிக்கலாம்.

---

தண்ணீர்மலையான் · பினாங்கு

அதே எச்ஏபிராக்ஸி மெஷின் மண்டையைப் போட்டால் தே தாரிக் ஆறிப்போகும். அப்புறம் இரண்டாவது எச்ஏபிராக்ஸி, நடுவில் கீப்அலைவ்டி, மிதக்கும் ஐபி என்று வைப்பீர்கள். அந்த மிதக்கும் ஐபியும் ஒரு சமயத்தில் ஒரே மெஷினில்தான் இருக்கும். சுற்றிச் சுற்றி மெட்டல்எல்பி செய்யும் அதே இடத்துக்கு வந்து நிற்பீர்கள், இந்தத் தடவை கையால் செய்து.

பையன் ஏற்கனவே கிளஸ்டர் போட்டுவிட்டார். தீபாவளிக்கு முன் பின்னால் போகச் சொல்வது சரியில்லை.

தம்பி, உள் ஐபி விஷயத்துக்கு நான் பதில் சொல்கிறேன். பாலிசி 'கிளஸ்டர்' என்று இருந்தால், முதல் மெஷினில் இறங்கிய பாக்கெட் இரண்டாவது மெஷினில் இருக்கும் இன்கிரெஸ் பாட்டுக்குப் போகலாம். பதில் நேராக வாடிக்கையாளருக்குப் போய்விட்டால், அவருடைய கைப்பேசி 'நான் உன்னிடம் பேசவே இல்லையே' என்று தூக்கி எறிந்துவிடும். பதில் வந்த வழியே திரும்ப வேண்டும் என்பதற்காக முதல் மெஷின் அனுப்புநர் முகவரியை அழித்துத் தன் முகவரியை எழுதிவிடுகிறது. அதுதான் நீங்கள் லாகில் பார்க்கும் 10.-இல் தொடங்கும் ஐபி.

பாலிசியை 'லோக்கல்' என்று மாற்றினால் இந்த அழிப்பு நடக்காது, உண்மையான ஐபி அப்படியே வரும். ஆனால் அந்த மெஷினிலேயே இருக்கும் பாட்டுக்குத்தான் கொடுக்கும், பக்கத்து மெஷினுக்கு அனுப்பாது. மெட்டல்எல்பி இதைத் தெரிந்துதான் நடக்கும்: தயாராக உள்ள இன்கிரெஸ் பாட் இருக்கும் மெஷினையே பொறுப்பாளராகத் தேர்ந்தெடுக்கும். என்றாலும் இன்கிரெஸை டீமன்செட்டாகப் (மெஷினுக்கு ஒரு பாட்) போட்டு மூன்று மெஷினிலும் ஒவ்வொன்று வைத்துவிடுங்கள்.

எல்லாச் சுமையும் ஒரே இன்கிரெஸ் பாட்டில் விழுமே என்று பயப்பட வேண்டாம். இன்கிரெஸ்-என்ஜின்எக்ஸ் பின்னால் இருக்கும் ஆப்பைக் கூப்பிடும்போது சர்வீஸ் ஐபி வழியாகப் போவதில்லை. ஆறு பாட்களின் முகவரியையும் கையில் வைத்துக்கொண்டு நேராகப் பேசுகிறது. அதனால் ஆப் பாட்களுக்கான பங்கீடு கெடாது. வெறும் பக்கங்களைக் கைமாற்றிவிட ஒரு என்ஜின்எக்ஸ் உங்கள் லைனுக்குத் தாராளம்.

முன்னால் சிடிஎன் (படம், பக்கங்களை வாடிக்கையாளருக்கு அருகிலிருந்து கொடுக்கும் சேவை) ஏதாவது வைத்திருக்கிறீர்களா? இருந்தால் கதை வேறு. அப்போது வருவது சிடிஎன்னின் ஐபி, வாடிக்கையாளர் ஐபி எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் தலைப்பில் இருக்கும். சிலர் அந்தத் தலைப்பை யாரிடமிருந்து வந்தாலும் நம்பும்படி திறந்துவிடுகிறார்கள். அது ஆபத்து, யார் வேண்டுமானாலும் அதில் பொய் ஐபி எழுதி அனுப்பலாம். சிடிஎன்னின் முகவரி வரம்பிலிருந்து வந்தால் மட்டும் நம்பு என்று கட்டுப்படுத்த வேண்டும்.

---

பாயான்_லெப்பாஸ்_பையன் · பினாங்கு

சிடிஎன் இல்லை அண்ணே, படங்களும் இங்கிருந்தேதான் போகின்றன. லோக்கல், டீமன்செட் இரண்டையும் இன்று ராத்திரி மாற்றுகிறேன். ஐபி வந்துவிட்டால் ஒரு ஐபிக்கு நொடிக்கு ஐந்து கோரிக்கை என்று வரம்பு போடலாம்தானே?

---

தண்ணீர்மலையான் · பினாங்கு

வேண்டாம். உங்கள் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் கைப்பேசியில் வருகிறவர்கள். கைப்பேசி நெட்வொர்க்குகள் பல பேரை ஒரே பொது ஐபிக்குப் பின்னால் ஒளித்து வைக்கின்றன. நீங்கள் ஒரு ரோபோவைத் தடுப்பதாக நினைத்துக்கொண்டு, பட்டர்வொர்த்தில் சேலை பார்த்துக்கொண்டிருக்கும் நூறு பெண்களைத் தடுத்துவிடுவீர்கள். ஐபி வரம்பை நுழைவு, கூப்பன் சோதனை மாதிரி முறைகேடு நடக்கக்கூடிய பாதைகளில் மட்டும் தாராளமாக வையுங்கள். மற்றதை உள்நுழைந்த பயனர் கணக்கை வைத்து ஆப்பிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

---

பிரிக்பீல்ட்ஸ்_அக்கா · கோலாலம்பூர்

சரி, இனி 502. எனக்கு இதுதான் ருசியான பகுதி. அந்த 502 வந்த ஒரு லாக் வரியை எடுத்துக் காட்டு. அப்ஸ்ட்ரீம் நேரம் (பின்னால் இருக்கும் பாட் எடுத்த நேரம்) எவ்வளவு என்று பார். எந்த நேரத்தில் அதிகம் வருகிறது என்பதையும் சொல்.

---

பாயான்_லெப்பாஸ்_பையன் · பினாங்கு

எல்லாமே போஸ்ட் (தகவல் அனுப்பும்) கோரிக்கைகள். அப்ஸ்ட்ரீம் நேரம் 0.001, 0.002, 0.000 இப்படித்தான். பிழை லாகில் 'பதிலின் தலைப்பை வாசிக்கும்போதே அப்ஸ்ட்ரீம் இணைப்பை மூடிவிட்டது' என்ற செய்தி. நேரம்தான் புரியவில்லை அக்கா. இரவு எட்டு மணிக்குக் குறுஞ்செய்தி அனுப்பியதும் கூட்டம் வரும், அப்போது ஒன்றுகூட இல்லை. காலை பத்து பதினொரு மணிக்கு ஆள் குறைவாக இருக்கும்போதுதான் வருகிறது. ஆப் பாட்டின் லாகில் அந்தக் கோரிக்கைக்கு ஒரு தடயமும் இல்லை.

---

பிரிக்பீல்ட்ஸ்_அக்கா · கோலாலம்பூர்

நீயே விடையை எழுதிவிட்டாய். கூட்டம் இல்லாத நேரத்தில் வருகிறது, ஒரு மில்லிநொடியில் வருகிறது, ஆப்புக்கே தெரியவில்லை. இந்த மூன்றும் சேர்ந்தால் சந்தேகப்பட வேண்டிய ஆள் ஒருவர்தான்: கீப்-அலைவ் நேரம்.

என்ஜின்எக்ஸ் ஒவ்வொரு கோரிக்கைக்கும் பாட்டுக்குப் புது இணைப்பு போடுவதில்லை. பழைய இணைப்பைத் திறந்தே வைத்து மறுபடி பயன்படுத்தும். இன்கிரெஸ்-என்ஜின்எக்ஸில் சும்மா கிடக்கும் இணைப்பை 60 விநாடி வரை வைத்திருப்பது இயல்பு அமைப்பு. நோட்.ஜேஎஸ்ஸின் எச்டிடிபி சர்வரோ பல பதிப்புகளாக 5 விநாடியில் மூடிவிடும் இயல்புடையது. கூட்டம் இருக்கும்போது எந்த இணைப்பும் 5 விநாடி சும்மா கிடக்காது, அதனால் எட்டு மணிக்குப் பிரச்சனை இல்லை. காலையில் ஒரு இணைப்பு சரியாக 5 விநாடி தூங்குகிறது. நோட்.ஜேஎஸ் அதை மூடும் அதே கணத்தில் என்ஜின்எக்ஸ் அதில் ஒரு கோரிக்கையை ஏற்றிவிடுகிறது. மூடிய கதவில் முட்டிக்கொண்டு வருவதுதான் உன் 502.

ஏன் போஸ்ட் மட்டும்? கெட் (பக்கம் கேட்கும்) கோரிக்கையிலும் இதே முட்டல் நடக்கிறது. ஆனால் என்ஜின்எக்ஸ் சத்தமில்லாமல் அடுத்த பாட்டுக்கு அனுப்பிவிடும், பயனருக்குத் தெரியாது. போஸ்டை அப்படித் திருப்பி அனுப்பாது. முதல் பாட் அதைப் பாதி செய்து முடித்திருந்தால் இரண்டு தடவை பணம் பிடித்ததாக ஆகிவிடும் அல்லவா. போஸ்டையும் திருப்பி அனுப்பு என்று சொல்ல ஒரு அமைப்பு இருக்கிறது. பணம் கட்டும் பாதையில் அதை ஆன் செய்யச் சொல்பவர் யாராக இருந்தாலும் கேட்காதே.

சரிசெய்ய இரண்டு வரி போதும். நோட்.ஜேஎஸ் சர்வரில் கீப்-அலைவ் நேரத்தை 65 விநாடி ஆக்கு, ஹெடர்ஸ் டைம்அவுட்டை அதற்கும் சற்று மேலே, 66 என்று வை. பின்னால் இருப்பவர் முன்னால் இருப்பவரைவிட அதிக நேரம் இணைப்பைத் திறந்து வைத்திருக்க வேண்டும், இது எந்த லோட் பேலன்சருக்கும் பொருந்தும். அமேசானின் லோட் பேலன்சரான ஏஎல்பியும் இயல்பாக 60 விநாடி வைத்திருக்கும், அங்கேயும் இதே 502 வந்து ஊரெல்லாம் மண்டையைப் பிய்த்துக்கொள்கிறார்கள்.

---

பங்சார்_பேக்எண்ட் · கோலாலம்பூர்

அக்கா, இது எங்களுக்கும் வந்தது. நாங்கள் ஆப்பின் நினைவகத்தைக் கூட்டிக்கொண்டே போனோம். இப்போதுதான் புரிகிறது.

---

ஜெலுத்தோங்_ஜெயம் · பினாங்கு

டிப்ளாய் செய்யும்போது (புதுப் பதிப்பு ஏற்றும்போது) வரும் 502 வேறு, அதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். தீபாவளி வாரத்தில் விலை மாற்றம், விளம்பரப் பட மாற்றம் என்று நாளுக்கு நாலு தடவை டிப்ளாய் நடக்கும்.

பாட்டை நிறுத்தும்போது இரண்டு வேலை ஒரே நேரத்தில் தொடங்குகின்றன. ஒரு பக்கம் பாட்டுக்கு சிக்டெர்ம் ('முடித்துக்கொள்' என்ற சைகை) போகிறது. மறுபக்கம் அதன் முகவரியைப் பட்டியலிலிருந்து எடுக்கும் செய்தி இன்கிரெஸுக்கும் ஒவ்வொரு மெஷினின் கியூப்-பிராக்ஸிக்கும் போகிறது. எது முந்தும் என்று உத்தரவாதம் இல்லை. ஆப் உடனே கடையை மூடிவிட்டால், செய்தி வந்து சேராத இன்கிரெஸ் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே ஆளை அனுப்பும்.

பரிகாரம் கேட்கவே சிரிப்பாக இருக்கும்: பிரீஸ்டாப்பில் (நிறுத்துவதற்கு முன் ஓடும் படி) பத்துப் பதினைந்து விநாடி தூங்கச் சொல்வது. அந்த நேரத்தில் செய்தி எல்லா இடத்துக்கும் போய்விடும், பாட்டும் வழக்கம்போலப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும். முன்பு இதற்குக் கண்டெய்னருக்குள் ஸ்லீப் கட்டளை இருக்க வேண்டும். இப்போது குபெர்னெட்டிஸிலேயே ஸ்லீப் என்று தனியாக இருக்கிறது, 1.34 பதிப்பில் நிலைபெற்றுவிட்டது. கவனிக்க வேண்டியது, நிறுத்தத்துக்கான மொத்த அவகாசம் இயல்பாக 30 விநாடி, இந்தத் தூக்கமும் அதற்குள்தான் அடங்கும். 25 விநாடி தூங்கிவிட்டு, கையில் இருக்கும் கோரிக்கைகளை ஐந்து விநாடியில் முடி என்றால் முடியாது.

ஆப்பை ஷெல் வழியாகத் தொடங்கியிருந்தால் சிக்டெர்ம் ஷெல்லோடு நின்றுவிட வாய்ப்புண்டு. அதையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

---

பங்சார்_பேக்எண்ட் · கோலாலம்பூர்

சரி, சேலைக் கடைக்கு வேண்டாம் என்று சொன்னவனே இப்போது கேள்வி கேட்கிறேன். எங்கள் கிளஸ்டரில் சரக்கு இருப்பைச் சொல்லும் சர்வீஸ் ஜிஆர்பிசியில் (சர்வீஸ்கள் ஒன்றையொன்று கூப்பிடும் முறை) ஓடுகிறது. பாட் நான்கு. இரண்டு கொதிக்கின்றன, இரண்டு தூங்குகின்றன. சிபியு ஏறியதும் எச்பிஏ (பாட்களைத் தானாகக் கூட்டிக் குறைப்பது) இன்னும் இரண்டு சேர்த்தது. அவையும் தூங்குகின்றன. எதற்கு சார் இந்தச் சம்பளம்?

---

பிரிக்பீல்ட்ஸ்_அக்கா · கோலாலம்பூர்

பின்னால் வரும் என்று சொன்னேனே, வந்துவிட்டது. பகடை இணைப்புக்கு ஒருமுறைதான். ஜிஆர்பிசி எச்டிடிபி/2 மேல் ஓடுகிறது. ஒரே இணைப்பைத் திறந்து வைத்து ஆயிரக்கணக்கான கோரிக்கைகளை அதிலேயே அனுப்பும். பினாங்குப் பாலத்தில் ஏறிய வண்டி, நடுக்கடலில் நெரிசலைப் பார்த்துவிட்டு இரண்டாம் பாலத்துக்குத் தாவ முடியுமா? நீ எத்தனை புதுப் பாட் சேர்த்தாலும் பழைய இணைப்புகள் ஏறிய பாட்டிலேயேதான் கிடக்கும். கிளையண்ட் இரண்டு பேர் என்றால் அதிகபட்சம் இரண்டு பாட்தான் உழைக்கும்.

வழிகள் உண்டு. சர்வீஸை ஹெட்லெஸ் (தனக்கென ஐபி இல்லாதது) ஆக்கினால் டிஎன்எஸ் எல்லாப் பாட்களின் ஐபியையும் கொடுக்கும், கிளையண்ட் பக்கம் ரவுண்ட் ராபின் (வரிசையாக ஆளுக்கொன்று) போடச் சொல்லலாம். அப்போதும் புதுப் பாட்டைக் கிளையண்ட் உடனே கண்டுகொள்ளாது, இணைப்பு அறுந்தால்தான் மறுபடி டிஎன்எஸ் கேட்கும். அதனால் சர்வர் பக்கம் இணைப்பின் அதிகபட்ச வயதை ஐந்து நிமிடம் மாதிரி வைத்துவிடு. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மரியாதையாக மூடும், கிளையண்ட் புதுப் பட்டியலோடு வரும். ஆப்பைத் தொட முடியாது என்றால் நடுவில் என்வாய் (Envoy) பிராக்ஸி மாதிரி கோரிக்கை அளவில் பிரிக்கத் தெரிந்த ஒன்றை வை, இல்லாவிட்டால் லிங்கர்டி, இஸ்டியோ போன்ற மெஷ் (சர்வீஸ்களுக்கு இடையிலான டிராஃபிக்கைக் கையாளும் அடுக்கு). நான் முதலில் வயதைக் குறைத்துப் பார்ப்பேன். மெஷ் என்பது ஒரு பிரச்சனைக்காக இன்னொரு ஆளை வேலைக்கு எடுப்பது.

---

ஜெலுத்தோங்_ஜெயம் · பினாங்கு

வெப்சாக்கெட்டுக்கும் இதே கதைதான்.

இதோடு ஒட்டி ஒன்று. கோரிக்கை அளவில் பிரித்தாலும் ரவுண்ட் ராபின் நியாயமாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். ஒரு கோரிக்கை பக்கத்தின் தலைப்பை மட்டும் கேட்கும், இன்னொன்று ஒரு வருடக் கணக்கை பிடிஎஃப் ஆக்கச் சொல்லும். இரண்டும் ஒன்று என்றே எண்ணும். இன்கிரெஸ் பாட் மூன்று இருந்தால் மூன்றும் தனித்தனியாகச் சுற்றும், ஒன்றுக்கொன்று பேசிக்கொள்வதும் இல்லை. என்வாயில் குறைந்த கோரிக்கை முறை நன்றாக இருக்கிறது: எல்லாப் பாட்டையும் எடைபோடாமல், ஏதாவது இரண்டைக் குத்துமதிப்பாக எடுத்து, அதில் கைவேலை குறைவாக இருப்பதற்குக் கொடுக்கிறது. இவ்வளவு எளிய விதி இவ்வளவு நன்றாக வேலை செய்வது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். இன்கிரெஸ்-என்ஜின்எக்ஸில் ஈடபிள்யுஎம்ஏ என்று ஒன்று இருக்கிறது, பதில் நேரத்தை வைத்து முடிவெடுக்கும்.

---

பாயான்_லெப்பாஸ்_பையன் · பினாங்கு

இரவு எட்டு மணிக் கூட்டத்துக்கு எச்பிஏ போதுமா? குறுஞ்செய்தி போனால் இரண்டு மூன்று நிமிடத்தில் ஆள் குவிந்துவிடும்.

---

தண்ணீர்மலையான் · பினாங்கு

போதாது. எச்பிஏ இயல்பாக 15 விநாடிக்கு ஒருமுறைதான் கணக்குப் பார்க்கும். அளவீடு வந்து சேர வேண்டும், பாட் எழுந்து தயார் என்று சொல்ல வேண்டும். அதற்குள் வந்தவர் போய்விடுவார். உங்களுக்கு நேரம் முன்கூட்டியே தெரிகிறது, ஏழரைக்கே பாட்களைக் கூட்டி வைத்துவிடுங்கள். ஒரு கிரான்ஜாப் (குறித்த நேரத்தில் ஓடும் வேலை) போதும். எச்பிஏ இருக்கிறது என்றால் அதன் குறைந்தபட்ச எண்ணிக்கையைக் கூட்டுங்கள், இல்லையென்றால் நீங்கள் கூட்டியதை அது குறைத்துவிடும். இருப்பது மூன்றே மெஷின் என்பதும் நினைவில் இருக்கட்டும், அதற்கு மேல் எந்த எச்பிஏவும் இடம் உண்டாக்காது.

படங்களை சிடிஎன்னுக்குத் தள்ளுங்கள். குறுஞ்செய்தியையும் ஒரே அடியில் அனுப்பாமல் கால் மணி நேரத்துக்குப் பரப்பி அனுப்பச் சொல்லுங்கள். விற்பனைப் பிரிவு முகம் சுளிக்கும், பரவாயில்லை.

ரெடினெஸ் சோதனையில் (பாட் தயாரா என்று பார்ப்பது) டேட்டாபேஸைத் தொடுகிறீர்களா? தொட்டால் எடுத்துவிடுங்கள். எட்டு மணிக்கு டேட்டாபேஸ் கொஞ்சம் மூச்சு வாங்கும்போது ஆறு பாட்டும் ஒரே நேரத்தில் 'நான் தயாரில்லை' என்று கை விரிக்கும். இன்கிரெஸுக்கு அனுப்ப ஆளே இல்லாமல் எல்லாருக்கும் 503 போகும். மெதுவாக ஓட வேண்டிய கடை முழுவதுமாக மூடிவிடும்.

---

பாயான்_லெப்பாஸ்_பையன் · பினாங்கு

தொடுகிறது அண்ணே. எடுத்துவிடுகிறேன்.

கடைசி விஷயம், இன்கிரெஸ்-என்ஜின்எக்ஸ். என்ஜின்எக்ஸே போய்விட்டதா, இந்தக் கண்ட்ரோலர் மட்டுமா? இன்கிரெஸ் என்ற முறையே முடிந்ததா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

---

பிரிக்பீல்ட்ஸ்_அக்கா · கோலாலம்பூர்

மூன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். என்ஜின்எக்ஸ் சர்வர் நலமாக இருக்கிறது. இன்கிரெஸ் ஏபிஐயும் இருக்கிறது, 1.19-இல் நிலைபெற்றது. அதை எடுக்கப்போவதில்லை, புது வசதியும் சேர்க்கப்போவதில்லை. நின்றது குபெர்னெட்டிஸ் சமூகம் நடத்திய இன்கிரெஸ்-என்ஜின்எக்ஸ் கண்ட்ரோலர். 2025 நவம்பரில் அறிவித்தார்கள், 2026 மார்ச் வரைதான் பராமரிப்பு என்று. எஃப்5 நிறுவனம் நடத்தும் என்ஜின்எக்ஸ் கண்ட்ரோலர் வேறு ஒன்று, பெயர்தான் குழப்பும். இன்கிரெஸில் எழுதும் கூடுதல் அமைப்புகளான அனோடேஷன்களும் வேறு, அப்படியே மாற்றிப் போட்டால் ஓடாது.

ஓடிக்கொண்டிருப்பது நாளைக்கே நின்றுவிடாது. ஆனால் இனி ஓட்டை கண்டுபிடித்தால் அடைக்க ஆளில்லை. 2025 மார்ச்சில் வந்த சிவிஇ-2025-1974 என்ற பாதுகாப்பு ஓட்டை நினைவிருக்கிறதா? தீவிரம் பத்துக்கு 9.8. பாட் நெட்வொர்க்கை எட்ட முடிந்தவர், எந்த உரிமையும் இல்லாமல், அட்மிஷன் வெப்ஹுக் (புது அமைப்புகளைச் சோதிக்கும் வாசல்) வழியாகக் கண்ட்ரோலருக்குள் தன் நிரலை ஓடவிடலாம். அந்தக் கண்ட்ரோலருக்கோ இயல்பு நிறுவலில் கிளஸ்டரின் எல்லா ரகசியங்களையும் படிக்கும் உரிமை உண்டு. 1.11.5, 1.12.1 பதிப்புகளில் அடைத்தார்கள். அடுத்தது வந்தால் அப்படி ஒரு பதிப்பு வராது.

போக வேண்டிய திசை கேட்வே ஏபிஐ. 2023 அக்டோபர் கடைசியில் 1.0 வந்தது. கேட்வே என்ற பொருள் உன் கையில் இருக்கும்: எந்த போர்ட், எந்தச் சான்றிதழ் என்று. ஆப் எழுதுபவர்கள் எச்டிடிபிரூட் (எந்தப் பாதை எந்த சர்வீஸுக்கு) மட்டும் எழுதுவார்கள். அனோடேஷனில் மந்திரம் எழுதி வைத்த பலவும், உதாரணமாக 90-க்குப் 10 என்று இரண்டு பதிப்புக்குப் பிரிப்பது, இங்கே முறையான புலமாகவே இருக்கிறது. என்வாய் கேட்வே, சிலியம், டிராஃபிக் (Traefik), என்ஜின்எக்ஸ் கேட்வே ஃபேப்ரிக் என்று செய்து கொடுப்பவர்கள் பலர். எதை எடுத்தாலும், உன் இன்கிரெஸ்களில் இருக்கும் அனோடேஷன்களை முதலில் பட்டியல் எடு. மாற்றிக் கொடுக்க இன்கிரெஸ்2கேட்வே என்ற கருவி உண்டு, ஆனால் எழுதித் தந்ததை வரி வரியாகப் படித்துத்தான் போட வேண்டும். கான்ஃபிகரேஷன் ஸ்னிப்பெட் (நேராகச் செருகிய என்ஜின்எக்ஸ் வரிகள்) ஏதாவது வைத்திருந்தால் அதற்குக் குறுக்குவழி கிடையாது, கையால்தான்.

உனக்கு ஒரு வசதி இருக்கிறது. மெட்டல்எல்பியில் இரண்டாவது ஐபி கொடுத்துப் புதுக் கேட்வேயைப் பக்கத்திலேயே ஏற்று. பழையதை நிறுத்தாதே. உன் கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் புது ஐபியைப் போட்டு நீயே ஒரு சேலை வாங்கிப் பார். சரியாக இருந்தால் டிஎன்எஸ்ஸின் டிடிஎல்லை (பழைய பதிலை நினைவில் வைத்திருக்கும் நேரம்) முதல் நாளே குறைத்துவிட்டு மாற்று. ஏதாவது கெட்டால் அதே வழியில் திரும்பிவிடலாம்.

கீப்-அலைவ் நேரம், பாடி அளவு வரம்பு, டைம்அவுட் இவையெல்லாம் புதிதில் வேறு இயல்புகளோடு வரும். 65 என்று இப்போது வைப்பதை அங்கே மறுபடி சரிபார்க்க வேண்டும்.

---

பங்சார்_பேக்எண்ட் · கோலாலம்பூர்

கிளவுடுக்கே போய்விடலாமே? அமேசான் 2024 ஆகஸ்டில் மலேசியாவிலேயே ரீஜியன் திறந்துவிட்டது, முன்பு மாதிரி சிங்கப்பூர் போய் வர வேண்டியதில்லை.

---

தண்ணீர்மலையான் · பினாங்கு

போகலாம், ஆனால் இந்தத் தீபாவளிக்கு அல்ல. போனாலும் லோட்பேலன்சர் வகை சர்வீஸை ஆளுக்கு ஒன்று போடாதீர்கள். இயல்பில் ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி லோட் பேலன்சர், ஒவ்வொன்றுக்கும் மாத பில். பத்து சர்வீஸ் என்றால் மாதக் கடைசியில் முதலாளி வெள்ளியை எண்ணிப் பார்த்துவிட்டு உங்களைக் கூப்பிடுவார். ஒரே கேட்வே வைத்து உள்ளே பிரிப்பதுதான் அங்கேயும் முறை.

---

பாயான்_லெப்பாஸ்_பையன் · பினாங்கு

நிலவரம் சொல்கிறேன். கீப்-அலைவ் 65 போட்ட பிறகு காலை 502 வரவில்லை. பிரீஸ்டாப் தூக்கம் போட்டு, பட்டப்பகலில் டிப்ளாய் செய்து பார்த்தோம், சுத்தமாக இருந்தது. லோக்கல் பாலிசியில் உண்மையான ஐபிகள் வருகின்றன. தண்ணீர்மலை அண்ணன் சொன்னது அப்படியே: ஒரே ஐபியிலிருந்து பத்துப் பதினைந்து வெவ்வேறு கணக்குகள். அந்த வரம்பைப் போட்டிருந்தால் அவ்வளவுதான். முதலாளிக்குச் சிபியு கிராஃபைக் காட்டினேன், மூன்று கோடும் ஒன்றாக ஏறி இறங்குவதைப் பார்த்துத் தலையாட்டினார். என்வாய் கேட்வேயை இரண்டாவது ஐபியில் ஏற்றியாகிவிட்டது.

ஒன்று மட்டும் இடிக்கிறது. பொறுப்பில் இருக்கும் மெஷினின் கேபிளைப் பிடுங்கிப் பார்த்தேன். இன்னொரு மெஷின் சில விநாடியில் பொறுப்பேற்றதாக மெட்டல்எல்பி லாக் சொல்கிறது. ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு நிமிடத்துக்கு மேல் தளம் திறக்கவில்லை. அலுவலகத்துக்குள் அதே சுவிட்சில் இருக்கும் கணினியில் உடனே திறக்கிறது.

---

தண்ணீர்மலையான் · பினாங்கு

உள்ளே உடனே, வெளியே தாமதம் என்றால் ரூட்டரைத்தான் பார்க்க வேண்டும். புது மெஷின் பொறுப்பேற்றதும் யாரும் கேட்காமலே 'இனி இந்த ஐபி என்னிடம்' என்று ஏஆர்பி அறிவிப்பு அனுப்பும். உங்கள் கணினி அதைக் கேட்டுத் திருத்திக்கொண்டது. சில ரூட்டர்கள் கேட்காத அறிவிப்பைப் பொருட்படுத்தாமல், பழைய மேக் முகவரியைக் காலாவதி ஆகும்வரை வைத்திருக்கும். மறுபடி கேபிளைப் பிடுங்கி, அந்த நேரத்தில் ரூட்டரின் ஏஆர்பி பட்டியலைத் திறந்து பாருங்கள். பழைய மேக்கே இருந்தால் அதுதான்.

ஃபர்ம்வேரைப் புதுப்பித்துப் பாருங்கள், அதிலும் மாறாவிட்டால் ஏஆர்பி காலாவதி நேரத்தைக் குறைக்க இடம் இருக்கிறதா என்று தேடுங்கள். இரண்டும் இல்லையென்றால் லைன் ரூட்டரைப் பிரிட்ஜ் முறையில் போட்டு, பின்னால் நல்ல ரூட்டர் ஒன்று வாங்கி வையுங்கள்.

---

பாயான்_லெப்பாஸ்_பையன் · பினாங்கு

பார்த்துவிட்டேன், பழைய மேக்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. காலாவதி நேரம் மாற்ற அந்த ரூட்டரில் இடமே இல்லை. ஃபர்ம்வேர் ஒன்று புதிதாக இருக்கிறது, இன்று ராத்திரி ஏற்றிவிட்டு மறுபடி கேபிளைப் பிடுங்குகிறேன். அதுவும் ஆகவில்லை என்றால் முதலாளியிடம் நாலாவது பெட்டி கேட்க வேண்டியதுதான்.